மூத்தவர் போய்விட்டார், அன்றாடத் தொல்லைகளை இனி யாரிடம் சொல்வது?

தாமுவே போதகர்

எல்லோருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம். யாங்கூனில் ஒரு சின்னத் தமிழ்ச் சபையின் போதகன் நான். இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பதோடு சரி. இந்த முறை கேட்பதற்கு ஒரு விஷயம் இருக்கிறது.

என்னை ஊழியத்துக்குக் கொண்டுவந்த மூத்த போதகர் இந்த மழைக்காலத்தில் காலமானார். எண்பதைத் தாண்டியவர். நீண்ட நாள் படுக்கையில் கிடக்கவில்லை, பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். யேவேயில் அடக்கம் செய்தோம். நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அடக்க ஆராதனையில் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசியதும் நான்தான். பேசியதை நம்புகிறேன். அதனால் "விசுவாசத்தில் தளர வேண்டாம் பாஸ்டர்" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.

என் சிக்கல் இன்வெர்ட்டர்.

போன ஞாயிறு ஆராதனை நடுவில் கரண்டு போனது. யாங்கூனில் கரண்டு போவது செய்தியே இல்லை; வந்தால்தான் "மீ லாபீ", கரண்டு வந்துவிட்டது, என்று தெருவே கத்தும். ஆனால் அன்றைக்கு இன்வெர்ட்டரும் சேர்ந்து படுத்துக்கொண்டது. மைக், கீபோர்டு, மின்விசிறி எல்லாம் நின்றன. கீபோர்டு நின்றதில் பெரிய நஷ்டம் இல்லை, ஏனென்றால் அதை ஒழுங்காக வாசித்த பையன் தாய்லாந்துக்குப் போய்விட்டான். ஏன் போனான் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த நாள் ஹாலுக்குள் மழைத்தண்ணீர் ஏறி, புதிதாக அச்சடித்த பாட்டுத்தாள்கள் ஊறிப்போயின. ஹால் சொந்தக்காரர் வாடகையைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறார். குறைப்பதற்காகப் பேச வரமாட்டார் என்பது தெரியும். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துகொண்டிருந்த பிள்ளைகளும் டியூஷன், மழை என்று ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

இதில் ஒன்றுகூடப் பெரிய துன்பம் இல்லை. முன்பெல்லாம் திங்கட்கிழமை சாயங்காலம் ஐயாவுக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிடுவேன். அவர் அறிவுரை சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. இரண்டு கேள்வி கேட்பார். "யாருக்காவது அடிபட்டதா?" என்பது ஒன்று. "நாளைக்குக் காலையில் முதல் வேலை என்ன?" என்பது இன்னொன்று. அப்புறம் பேச்சு சாப்பாட்டுக்குப் போய்விடும். இப்போதெல்லாம் மொஹிங்காவில், அதுதான் மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸில், மீனைத் தேட வேண்டியிருக்கிறது என்று புலம்புவார். போனை வைக்கும்போது இன்வெர்ட்டர் வெறும் இன்வெர்ட்டராகத்தான் இருக்கும்.

இப்போது அப்படி இல்லை. "இன்வெர்ட்டர் கெட்டுவிட்டது" என்று ஆரம்பிக்கிற யோசனை "நான் இந்த வேலைக்கு லாயக்கா" என்பதில் போய் நிற்கிறது. கல்லறையில் கண் கலங்காதவன் பேட்டரிக் கடை வாசலில் கலங்கி நிற்கிறேன்.

போதகர்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றில்லை. வாத்தியாரையோ, தொழில் கற்றுக்கொடுத்தவரையோ, பெரியப்பாவையோ இழந்தவர்கள் யாராக இருந்தாலும் எழுதுங்கள். பெரிய துக்கத்துக்கு ஆறுதல் சொல்ல ஆள் வருகிறார்கள். இந்தச் சில்லறைத் தொல்லைகளை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள்?

மோல்மேன் அக்கா

தம்பி, என் வீட்டுக்காரரும் போதகர்தான். அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. உங்கள் பேட்டரிக் கடை எனக்குப் புரிகிறது. எனக்கு அது ரேஷன் அட்டையில் பெயர் மாற்றப் போன இடத்தில் வந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அமெரிக்க மிஷனரி ஜட்சனை இழுக்காமல் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1824-இல் ஆங்கிலேயருக்கும் பர்மா ராஜாவுக்கும் சண்டை மூண்டபோது அவரை ஒற்றன் என்று சொல்லி அப்போதைய தலைநகர் ஆவாவில் சிறையில் போட்டார்கள். பர்மிய மொழியில் அவர் எழுதிய புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் முதலில் மண்ணில் புதைத்தார். மழைக்குக் கெட்டுவிடுமே என்று பயந்து, அதை எடுத்து, யாரும் ஆசைப்படாத கரடுமுரடான ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குள் அனுப்பினார். பிறகு கைதிகளை வேறிடத்துக்கு மாற்றினபோது அந்தத் தலையணை தூக்கி எறியப்பட்டது. சீஷன் ஒருவர் நினைவுப்பொருளாக இருக்கட்டும் என்று எடுத்துப்போனார், உள்ளே இருந்தது பிழைத்தது. இதைக் கேட்காத கிறிஸ்தவக் குழந்தை பர்மாவில் இல்லை. பிரசங்கியார் அடுத்த மூச்சில் 1834-க்குத் தாவுவார், வேதாகமம் முழுவதும் மொழிபெயர்த்து முடிந்தது, அல்லேலூயா.

நடுவில் என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை. 1826 அக்டோபரில் ஆம்ஹெர்ஸ்டில், இப்போதைய ச்சைக்கமியில், ஆன் இறந்தபோது ஜட்சன் பக்கத்தில் இல்லை. வேலையாக ஆவாவில் இருந்தார். ஆறு மாதத்தில் குழந்தை மரியாவும் போனாள். அப்புறம் மோல்மேனில் காட்டுக்குள் குடிசை கட்டிக்கொண்டு தனியாக இருந்தார். ஒரு குழியை வெட்டி வைத்துக்கொண்டு அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கடவுளை நம்புகிறேன், ஆனால் அவரைக் காணமுடியவில்லை என்கிற பொருளில் அவர் எழுதியது அந்த நாட்களில்தான். அந்த மனிதர் பிறகும் வேலை செய்தார் என்பது உண்மை. ஆனால் உட்கார்ந்திருந்த காலமும் உண்மை. பிரசங்கத்தில் அதற்கு இடம் கிடைப்பதில்லை, அதனால் போதகர்கள் தாங்களும் உட்காரக் கூடாது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. சபை மக்களிடம் சில்லறைத் தொல்லைகளைச் சொல்லாதீர்கள். என் வீட்டுக்காரர் ஒருமுறை பேச்சுவாக்கில் கூரை ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு ஆளுக்கொரு பெயின்ட் டப்பாவோடு வந்தார்கள். எல்லாம் வேறு வேறு நிறம். ஒழுகல் நிற்கவில்லை. வாங்கிக் கொடுத்தவர்கள் மனம் நோகக் கூடாதே என்று எல்லாவற்றையும் அடித்தோம். எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு நர்சரிப் பள்ளியா என்று கேட்டவர்கள் உண்டு.

பகோ பேரன்

மன்னிக்கணும் பாஸ்டர், எனக்கு இது சரியாகப் படவில்லை.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலாக்கினார்கள். 18 முதல் 35 வயது ஆண்களுக்கு இன்றைக்கு வீட்டை விட்டு டீக்கடைக்குப் போவதே கணக்குப் போட்டுச் செய்கிற காரியம். என் கூட்டாளிகளில் பாதிப் பேர் நாட்டில் இல்லை. மிச்சப் பேர் வெளியே தலைகாட்டுவதில்லை. இந்த நேரத்தில் போதகர் இன்வெர்ட்டரையும் பாட்டுத்தாளையும் பற்றி எழுதினால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

இரண்டாவது விஷயம், நம் சபைகளில் எல்லாம் ஒரே ஒரு ஐயா. அவர்தான் கல்யாணம் பேசுவார், சண்டை தீர்ப்பார், யார் போதகர் ஆக வேண்டும் என்றும் முடிவு செய்வார். அவர் போனதும் மொத்தமும் ஆடிப்போகும். அதை அன்பு என்கிறோம். எனக்கு அது ஏற்பாட்டுக் குறையாகத்தான் தெரிகிறது.

சோலார் தம்பி

பாஸ்டர், மற்றதெல்லாம் எனக்குத் தெரியாது. பேட்டரி பழைய லெட் ஆசிட் வகையா? அப்படியென்றால் இன்வெர்ட்டரில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. கரண்டு கொஞ்ச நேரம் வந்து போவதால் அது எப்போதும் அரைகுறையாகத்தான் சார்ஜ் ஆகும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். பாதிக்குமேல் காலியாக விடக் கூடாது. டிஸ்டில்ட் வாட்டர் அளவு பார்த்தீர்களா? குழாய்த்தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். ஆராதனையில் மின்விசிறிகளை அதிலிருந்து கழற்றிவிட்டு, மைக்குக்கும் ஒரு விளக்குக்கும் மட்டும் கொடுங்கள். மாற்ற வசதி இருந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி நல்லது, விலைதான் கடிக்கும்.

பிறகு, அரைகுறை சார்ஜ் என்பதை வைத்துப் பிரசங்கம் செய்துவிடாதீர்கள், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

தாமுவே போதகர்

சோலார் தம்பி, பழைய வகைதான். தண்ணீர் பார்க்கவில்லை, பார்க்கிறேன். பிரசங்கம் செய்யமாட்டேன், வாக்கு.

அக்கா, அந்த நடுப்பகுதியைப் பற்றிச் சொன்னது நெஞ்சில் தைத்தது. நானும் 1834-க்குத் தாவுகிற கூட்டம்தான்.

பேரன், நீங்கள் கேட்டது நியாயம். பதில் இல்லாமல் நழுவமாட்டேன். தாய்லாந்துக்குப் போன பையனை பஸ் ஏற்றிவிட்டது நான். அவன் அம்மாவிடம் என்ன சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அந்தப் பாரத்தோடு இன்வெர்ட்டரை ஒப்பிடுவதற்கு நான் எழுதவில்லை. ஆனால் பாருங்கள், அந்த அம்மாவோடு உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பலம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து ஈரத்தாள்களை விரித்துக் காயவைக்கும்போதுதான் கை ஓய்ந்துபோகிறது. ஏன் அப்படி என்பதுதான் என் கேள்வி.

ஒரே ஐயா என்கிற குறையைப் பற்றி. எங்கள் ஐயாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், அதற்கப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள். 1965-இல் மிஷன் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1966-இல் வெளிநாட்டு மிஷனரிகளுக்கு விசா புதுப்பிப்பதை நிறுத்தியது. அந்த வருட முடிவுக்குள் அநேகமாக எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஐயாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். இன்செயினில் போதகர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். அவரைச் சேர்த்துவிட்டவர், கிரேக்கம் சொல்லிக்கொடுத்தவர், செலவுக்குப் பணம் கொடுத்தவர் எல்லோரும் ஒரே வருடத்தில் போனார்கள். அதற்கு முன்பே அவர் சொந்தக்காரர்களும் சபையில் பாதிப் பேரும் மெட்ராசுக்குக் கப்பலேறியிருந்தார்கள். கடிதம் போட்டால் போய்ச் சேருமா என்றே தெரியாத காலம். அவர் தலைமுறைப் போதகர்களுக்கு மேலே ஆளே இல்லாமல் போய்விட்டது. சபை நின்றுவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நிற்கவில்லை. அதனால் மேலே ஓர் ஆள் இல்லாமல் வேலை நடக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த அவர்தான் என் திங்கட்கிழமைப் போனை எடுத்துக்கொண்டே இருந்தார்.

தீமிதி கமிட்டி மாமா

நாங்கள் இந்துக் குடும்பம். இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்தேன். யாராக இருந்தாலும் எழுதுங்கள் என்று பாஸ்டரே சொன்னதால் எழுதுகிறேன்.

எங்கள் கோயில் திருவிழாவை நடத்தி வந்த பெரியவர் போனபோது நாங்கள் ஒப்பாரி வைத்தோம், காரியம் செய்தோம், படம் மாட்டினோம். எல்லாம் முறைப்படி. அடுத்த தீமிதிக்கு விறகு வாங்கப் போகும்போதுதான் எந்தக் கடையில் வாங்குவார், என்ன மரம், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்கும் தெரியாதது தெரிந்தது. பூங்கரகத்துக்குப் பூ யாரிடம்? வார்டு அலுவலகத்தில் எந்த மேசையில் போய் நிற்க வேண்டும்? மேளக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாரா இல்லையா? எல்லாம் அவர் மண்டைக்குள் இருந்தது. அவர் பழைய போனை வாங்கிப் பார்த்தால் பெயர்கள் "கறுப்பு", "பெரிய கறுப்பு", "பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்று இருக்கின்றன. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குப் போன் போட்டோம். அவர் பல்செட் செய்கிறவர்.

அந்த வருடம் எல்லாவற்றிலும் இடறினோம், திருவிழா மட்டும் எப்படியோ நடந்தது. பிறகு ஒரு பெரிய நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தோம். இப்போது அந்த நோட்டுதான் பெரியவர். பகோ தம்பி சொல்கிற ஏற்பாட்டுக் குறைக்கு நோட்டு மருந்து. ஆனால் நோட்டு திட்டாது, சிரிக்காது. பாஸ்டர் தேடுவது அதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கு எங்களிடமும் மருந்து இல்லை.

அக்கா சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. சனங்களிடம் சொல்லத்தான் வேண்டும். பத்து பெயின்ட் டப்பா வந்தால் வரட்டுமே. கொடுக்கிறவனுக்கும் அது ஒரு சந்தோஷம்.

மோல்மேன் அக்கா

மாமா, டப்பாவை வாங்கி வைத்துக்கொள்ளலாம். "போன மாதம் பெயின்ட் கொடுத்தேனே, இப்போது எதற்கு வாடகைக்குக் காணிக்கை?" என்று கேட்பார்களே, அதற்கு யார் பதில் சொல்வது? போதகர் வீட்டில் குடித்தனம் நடத்திப் பார்த்தால் தெரியும்.

ரங்கூனில் பிறந்தவள், சென்னை

1966 பற்றிப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் 1964-இல் வந்தவர்கள். அந்த மே மாதம் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அப்பாவின் கடை அதற்கு முன்பே அரசாங்கத்திடம் போயிருந்தது. கையில் இருந்த நோட்டும் காகிதமானது. எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அம்மா சொல்லிச் சொல்லி நானே பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

அம்மா அடிக்கடி சொன்ன ஒரு விஷயம் பணத்தைப் பற்றியது இல்லை. எங்கள் சபையின் உபதேசியார் ஒவ்வொரு கப்பலுக்கும் துறைமுகத்துக்கு வந்து ஜெபம் செய்து அனுப்பி வைத்தாராம். ஒவ்வொரு தடவையும் அவர் பின்னால் நிற்கிற கூட்டம் சிறுத்துக்கொண்டே போனதாம். கடைசியில் எங்களை அனுப்ப வந்தபோது, "அங்கே போய் முதல் வேலையாகக் கொசுவலை வாங்குங்கள், இங்கே மாதிரி கிடைக்காது" என்றாராம். வசனம் எதுவும் சொல்லவில்லை. அம்மா சாகிறவரை அந்தக் கொசுவலைப் பேச்சைச் சொல்லிச் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பாள்.

போனவர்களுக்குத்தான் இழப்பு என்று இங்கே நாங்கள் பேசிக்கொண்டோம். இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்கள் ஐயா கதையைப் படித்த பிறகுதான் யோசிக்கிறேன்.

வேதபாட மாணவன்

பாஸ்டருக்கு வேதாகமத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வயதில்லை. ஆனாலும் இரண்டாம் ராஜாக்கள் புத்தகம் இந்தக் கேள்விக்கு நேராக நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எலியா தீர்க்கதரிசி சுழல்காற்றில் போகிறார், அவர் சீஷன் எலிசா வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறார், சால்வையை எடுத்து யோர்தானை அடிக்கிறார். அதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். உடனே என்ன நடக்கிறது பாருங்கள். தீர்க்கதரிசிகளின் புத்திரர் எலியாவைத் தேடிப் போகிறோம் என்கிறார்கள். வேண்டாம் என்கிறார் எலிசா. அவர் சங்கடப்படும் அளவுக்கு வற்புறுத்துகிறார்கள். ஐம்பது பேர் மூன்று நாள் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். போகவேண்டாம் என்று சொன்னேனே என்கிறார். போனவர் போய்விட்டார் என்பது கண்ணால் பார்த்தவருக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்கு மூன்று நாள் தேவைப்படுகிறது.

அடுத்து எரிகோவில் தண்ணீர் கெட்டது. அப்புறம் மொட்டைத்தலையா என்று பையன்கள் கேலி. கொஞ்ச தூரம் போனால் ஒரு விதவையின் கடன், கூழ்ப்பானையில் விஷக்கொம்மட்டி, ஆற்றில் விழுந்த கோடரி. எலியாவுக்குக் கர்மேல் மலை, வானத்திலிருந்து அக்கினி. எலிசாவின் காலத்திலும் ராஜாக்களும் யுத்தங்களும் உண்டு, ஆனால் நடுவே நடுவே தண்ணீர், எண்ணெய், கூழ், கோடரி. அதுவும் அந்தக் கோடரி இரவல். விழுந்ததும் அவன் அலறுவது கோடரி போச்சே என்று இல்லை, இரவல் வாங்கினதாயிற்றே என்று. கடன் கொடுத்தவன் முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

குருவை இழந்தவனுடைய ஊழியம் எப்படி இருக்கும் என்று கேட்டால் அந்தப் புத்தகம் சொல்கிற பதில் இதுதானோ என்று படுகிறது. சரியா பாஸ்டர்?

தாமுவே போதகர்

தம்பி, சரியா என்று கேட்காதீர்கள், அடுத்த ஞாயிறு வந்து பிரசங்கம் செய்யுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

மொட்டைத்தலை விஷயம் எங்கள் சபையிலும் நடக்கிறது. என் தலையில் முடி இருக்கிறது, ஆனால் "ஐயா இருந்திருந்தால்" என்று ஆரம்பிக்கிற வாக்கியங்களை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். எலிசா சபித்ததும் காட்டிலிருந்து கரடிகள் வந்து அந்தப் பையன்களைப் பீறின; நான் கரடிகளை மட்டும் கூப்பிடவில்லை. அந்தப் பகுதியை நான் பிரசங்கிப்பதும் இல்லை, அதை எப்படி விளக்குவதென்று எனக்கு வழி தெரியவில்லை.

நீங்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதம், கடைசி அதிகாரம். நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன் என்று எழுதுகிறார். அடக்க ஆராதனைகளில் நாம் வாசிப்பது அதைத்தான், ஐயாவுக்கும் நான் வாசித்தேன். வாசித்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடுவோம். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால், துரோவாவில் கார்ப்பு என்பவன் வீட்டில் வைத்துவிட்டு வந்த மேலங்கியை எடுத்துவா, புத்தகங்களையும் எடுத்துவா, மாரிக்காலத்துக்கு முன்னே வரப்பார் என்று இருக்கிறது. சாகப்போகிற மனிதருக்குக் குளிர்கிறது. அதை எழுத அவர் வெட்கப்படவில்லை. பகோ பேரனுக்கு நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. சின்ன விஷயங்களைப் பற்றிப் பேசுவது விசுவாசத்துக்குக் கீழானது இல்லை.

பகோ பேரன்

பாஸ்டர், நான் பைபிள் அதிகம் படித்தவன் இல்லை. இதைப் படித்துவிட்டு அந்த அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது. ஆனால் ஒன்று இடிக்கிறது.

பவுல் பெரியவர், தீமோத்தேயு சின்னவன். மேலங்கி கேட்பது பெரியவர். நீங்களோ சின்னவர் பெரியவரிடம் புலம்புவதைப் பற்றி எழுதினீர்கள். அங்கே தலைகீழாக இருக்கிறது. பெரியவர்தான் தன் சில்லறைத் தொல்லையைச் சின்னவனிடம் சொல்கிறார்.

உங்கள் ஐயா உங்களிடம் அப்படி எதையாவது கேட்டதுண்டா? குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

மோல்மேன் அக்கா

பேரா, நீ எந்த ஊரில் இருந்தாலும் சாப்பிட்டுக்கொள், பத்திரமாக இரு. நல்ல கேள்வி கேட்டாய்.

தாமுவே போதகர்

பதில் எழுத நாளாகிவிட்டது. கரண்டும் ஒரு காரணம், கேள்வியும் ஒரு காரணம்.

கேட்டதுண்டு. நிறைய. ரேடியோவுக்கு பேட்டரி வாங்கி வா, கைலி முனை பிரிந்துவிட்டது தைக்கக் கொடு, பக்கத்து வீட்டுக்காரன் மாமரக் கிளையை வெட்டிவிட்டான் வந்து பேசு. மாண்டலே நிலநடுக்கத்துக்கு அரிசி சேர்த்தபோது லாரி கிடைக்காமல் அவர் என்னிடம் கத்திய கத்தலை இப்போதும் மறக்கமுடியாது. 2025 மார்ச் 28 அன்று பூமி குலுங்கியது, அடுத்த வாரமே எண்பது வயது மனிதர் மூட்டை எண்ணிக்கொண்டு நின்றார். போனில் நான் என் தொல்லைகளைச் சொல்லி முடித்ததும் அவர் மொஹிங்காவைப் பற்றிப் புலம்புவார் என்று எழுதினேன் அல்லவா. நான் அதை இத்தனை காலம் பேச்சு மாற்றுவதாக எடுத்துக்கொண்டேன். பேரன் கேட்ட பிறகு பார்த்தால், அவரும் தன் முறைக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். தனக்கு மேலே இருந்தவர்களை இருபத்திரண்டு வயதில் இழந்தவர் வேறு யாரிடம் சொல்வார்?

இதனால் என் திங்கட்கிழமை சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சரியாகவில்லை. வேதபாட மாணவன் தம்பி அடுத்த மாதம் வந்து பேச ஒத்துக்கொண்டிருக்கிறார், அது ஒன்று. மாமா சொன்ன மாதிரி நோட்டு ஒன்று போட்டிருக்கிறேன், ஹால் சாவியின் நகல் யாரிடம் இருக்கிறது என்பதிலிருந்து. வாடகை ஏறியே விட்டது. பெயின்ட் டப்பா விவாதத்தில் நான் அக்கா பக்கம்.

இன்னொரு விஷயம். நேற்று ராத்திரி ஐயாவின் வீட்டம்மா போன் செய்தார். அடக்கத்துக்குப் பிறகு நான்தான் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவராக என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. நடுராத்திரியில் கரண்டு வந்திருக்கிறது, தண்ணீர் ஏற்ற எழுந்து போய் மோட்டாரைப் போட்டால் ஓடவில்லையாம். தொட்டி காலி. பக்கத்து வீட்டுக்காரன் உதவிக்கு வரமாட்டான், மாமரச் சண்டை இன்னும் தீரவில்லை. அரைமணி நேரம் ஒரே திட்டு. மோட்டாரைத் திட்டினார், மின்சார ஆபீசைத் திட்டினார், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார் என்று ஐயாவையும் திட்டினார். நான் "யாருக்காவது அடிபட்டதா?" என்று கேட்டேன். "அந்த மனுஷன் கேள்வியை என்கிட்டயே கேட்கிறாயா?" என்று எனக்கும் விழுந்தது. அப்புறம் நாளைக்குச் சாப்பிட வா என்றார்.

சோலார் தம்பி, மோட்டார் வேலையும் பார்ப்பீர்களா?

சோலார் தம்பி

பார்ப்பேன். சுவிட்சைப் போட்டால் உறுமுகிறதா, சத்தமே இல்லையா? உறுமிவிட்டுச் சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான், சின்னச் செலவு. அந்த நிலையில் சுவிட்சைப் போட்டபடியே விடவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் எரிந்துவிடும். சத்தமே இல்லையென்றால் வயரிங் பார்க்க வேண்டும்.

தாமுவே போதகர்

உறுமுகிறதாம். சனிக்கிழமை காலையில் வர முடியுமா? சாப்பாடு அங்கேதான். மாமரத்தைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதீர்கள்.